கல்யாண முருங்கையில் ஒரு மீன்

கையை நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். நிறுத்தினால் பசை வழிந்து மீனின் வயிற்றுக்குப் போய்விடும், போனது அங்கேயே தொங்கி இறுகிவிடும், அப்புறம் அது மீனாக இருக்காது, தொப்பை விழுந்த ஏட்டையாவாக இருக்கும். அதனால் சேர்மத்துரை சுழற்றிக்கொண்டிருந்தார். அடுப்படிக்கும் பின்வாசலுக்கும் நடுவே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மூக்கிலும் வாலிலும் கம்பி கோத்த மரமீனை இரண்டு கைகளுக்கும் இடையில் பிடித்து, மெதுவாக, ஒரே சீராக, தலைகீழாக ஒரு தரம் நேராக ஒரு தரம். இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் குழைத்துப் பூசிய பசை அது, காய்ந்தால் கண்ணாடி மாதிரி நிற்கும், ஆனால் காய்கிறவரைக்கும் குழந்தை மாதிரி, ஒரு நிமிஷம் கண்ணை எடுக்க முடியாது. உலை வைத்துச் சோறு வடித்து, குழம்பும் கொதித்து இறங்குகிற நேரமாவது ஆகும். அதுவரைக்கும் மூக்கு அரித்தால் அரித்துக்கொண்டே இருக்க வேண்டியது, ஈ வந்தால் ஊதி விரட்ட வேண்டியது, ஒன்றுக்கு வந்தால், அதுதான் வந்திருந்தது. உட்காரும்போது வராது. உட்கார்ந்து, பசையைப் பூசி, முதல் சுற்றுச் சுற்றின பிறகுதான் அடிவயிறு மெல்லக் கூப்பிட்டு, அண்ணாச்சி, ஒரு சங்கதி என்று சொல்லும். சர்க்கரை வியாதிக்காரனின் வயிறு அப்படித்தான், இரக்கமே கிடையாது. வாழ்நாளெல்லாம் திருநெல்வேலி திருச்செந்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட் கொடுத்தவர், அடக்குவதற்குப் பழகின உடம்புதான், ஆனால் அப்போது ஆழ்வார்திருநகரியில் டீ குடிக்க நிறுத்துவார்கள் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. இப்போது எங்கே நிறுத்துவது. இந்த நேரத்துக்கு மகள் கோமதி ஏறின பஸ் பாளையங்கோட்டையைத் தாண்டியிருக்கும். அதை நினைக்காதே. சுழற்று.

வீடியோவில் பார்த்த வெள்ளைக்காரனிடம் இதற்கென்றே ஒரு மோட்டார் இருந்தது. மீனை அதில் மாட்டிவிட்டு அவன் பாட்டுக்குக் காபி குடித்தான். சேர்மத்துரைக்கும் ஒருநாள் அப்படிக் காபி குடிக்க ஆசை வந்து, பெண்டாட்டி ஜெயக்கனி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவளுடைய கிரைண்டரில் மீனைக் கட்டி ஸ்விட்சைப் போட்டார். மீன் ஒரு சுற்றுத்தான் சுற்றியது, அப்புறம் பறந்துபோய்ச் சுவரில் இருந்த முருகன் காலண்டரில் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அந்த மயிலுக்கு மட்டும் ஒரு பளபளப்புக் கூடுதலாக இருக்கிறது. ஜெயக்கனி ஒன்றும் சத்தம் போடவில்லை, ஒருவாரம் இட்லி சுடவில்லை, அவ்வளவுதான். அவள் இதையெல்லாம் மரமீன் என்றே சொல்ல மாட்டாள். மரக்கருவாடு என்பாள். உங்க மரக்கருவாட்ட எடுத்து அங்கிட்டு வைங்க, பருப்புப் பானையில விழுந்துரப் போகுது. விழுந்தும் இருக்கிறது. ஆனால் அவள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு, ஏனென்றால் சேர்மத்துரை இதுவரைக்கும் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. தூண்டிலைக் கையால் தொட்டதில்லை. அவர் தண்ணீரில் கால் நனைப்பது வருஷத்துக்கு ஒருமுறை, ஆடி அமாவாசைக்கு ஏரல் ஆற்றில், அதுவும் கரையைப் பிடித்துக்கொண்டு. மீன் பிடிக்கிறவர் மாப்பிள்ளை. தினகர் தங்கமான பையன், மதுரையில் மோட்டார் கம்பெனி ஒன்றில் வேலை, ஆனால் வாயைத் திறக்க மாட்டான். தலைதீபாவளிக்கு வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தான், இவரும் எதிரே உட்கார்ந்திருந்தார், நடுவில் முறுக்குத் தட்டு. என்ன பேசுவது. பஸ்ஸில் உள்ள நகருங்க, பின்னால காலியா கெடக்கு என்று ஆயிரம் பேரிடம் பேசின வாய், ஒரு மாப்பிள்ளையிடம் பேச வார்த்தை இல்லாமல் முறுக்கை மென்றது. கடைசியில் பொழுதுபோக்கு என்ன மாப்பிள என்று கேட்டார். மீன் பிடிப்பேன் மாமா என்று அவன் சொல்லி, போனில் ஒரு பிளாஸ்டிக் மீனைக் காட்டினான். விரால் இதைத் தவளையோ குஞ்சோ என்று நினைத்து வந்து கவ்வுமாம். மரத்துல செஞ்சா சத்தம் நல்லாருக்கும் மாமா, ஆனா செய்ய ஆளில்ல என்றான். அவ்வளவுதான் சொன்னான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவர் இவர்தான்.

அதற்கப்புறம் தினமும் ராத்திரி போன். மாமா, தலை கொஞ்சம் தூக்குது மாமா. ஈயத்தை முன்னால தள்ளி வச்சிருதேன் மாப்பிள. மாமா, வாலு ஆடுது, இடுப்பு ஆடல. இடுப்ப இழைச்சிருதேன் மாப்பிள. பெண் கொடுத்த வீட்டில் மாமனாரும் மாப்பிள்ளையும் இப்படிப் பேசிக்கொள்வதை ஊரில் எவன் கண்டிருக்கிறான். அடுத்த தெரு பால்பாண்டிக்கு மாப்பிள்ளை போன் பண்ணினால் பண்டிகைச் சீர் வரவில்லை என்று அர்த்தம். இவருக்கு மாப்பிள்ளை போன் பண்ணினால் மீன் மிதக்கிறது என்று அர்த்தம். எத்தனை பெருமை. அந்தப் பெருமையில்தான் கத்தி மரம்விட்டு மரம் தாவியது. ஈயம் வைத்ததும் தேக்குத் துண்டு முங்கியது. வேம்பு முங்கியது. பூவரசு பாதி முங்கிப் பாதி யோசித்தது. துணி துவைக்கிற தொட்டியில் நீர் நிரப்பி ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கைவிட்டு எடுத்து, கடைசியில் ஒருநாள் தொட்டியோரம் நிமிர்ந்தபோது, வடக்குச் சுவரை ஒட்டி, மெத்துமெத்தென்று, தக்கை மாதிரி லேசான மரம், கையைக் காலை நீட்டிக்கொண்டு நின்றது. இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்கத் தோன்றியது. கல்யாண முருங்கை. அதைப் பார்த்த கண் அவிந்து போயிருக்கக் கூடாதா.

ஏனென்றால் அது வெறும் மரம் இல்லை. ஜெயக்கனி வீட்டு வழக்கம் அது. கல்யாணத்துக்குப் பந்தல்கால் நடும்போது கூடச் சேர்த்துக் கட்டுகிற கல்யாண முருங்கைக் கம்பை, கல்யாணம் முடிந்ததும் எறியக் கூடாது, பெண்ணைப் பெற்றவர்கள் கொல்லையில் நட வேண்டும். அது துளிர்த்தால் பெண் துளிர்ப்பாள். அது வாடினால், அதை யாரும் சொல்வதில்லை, பேச்சை மாற்றிவிடுவார்கள். கோமதியின் கம்பு துளிர்த்தது மட்டுமில்லை, ஆள் உயரம் வளர்ந்து, சுவரைத் தாண்டி, சிவப்பாய்ப் பூத்தும் விட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் ஜெயக்கனி அதற்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, அரிசி களைந்த தண்ணீர் ஊற்றுவாள். அந்த மரத்தில்தான், அவள் நாசரேத்துக்கு ஒரு காதுகுத்துக்குப் போயிருந்த அன்றைக்கு, இவர் அரிவாளை வைத்தார். ஒரே ஒரு கிளை. முழங்கைத் தடிமன். அதுவும் அடுத்த வீட்டுத் தகரக் கூரைமேல் சாய்ந்துகொண்டிருந்த கிளை, இன்றைக்கோ நாளைக்கோ தானே ஒடிய வேண்டியது. தானே ஒடிந்திருந்தால் யாரைக் கேட்பது. அதிலிருந்து இரண்டு மீன் வந்தது. ஒன்றை மதுரைக்குப் பார்சலில் அனுப்பினார். தண்ணியில விட்டதும் பேசுது மாமா என்று பார்சல் கிடைத்த அன்றைக்கு ராத்திரி தினகர் சொன்னான். இரண்டாவதுதான் கையில் சுழல்கிறது. அந்த வாரம் முடிவதற்குள் கோமதியின் போன் வந்தது. அம்மா, நாளைக்கு வாரேன். தனியாத்தான். வந்து சொல்லுதேன்.

வந்து சொல்லுதேன். என்னத்தைச் சொல்லுவாள். நல்ல சேதியாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பாள், நல்ல சேதிக்கு வாய் பொறுக்காது. தனியாக வருகிறவள் சொல்லக்கூடியது ஊரிலே ஒன்றுதான் உண்டு. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று இருந்துவிடலாம். காக்கா உட்காராவிட்டாலும் பழம் விழுந்திருக்கும். ஆனால் காக்காவிடம் கேட்டால் அல்லவா தெரியும் அதன் மனசு. சேர்மத்துரை இந்த மாதிரிச் சாத்திரங்களை நம்புகிறவர் இல்லை. சங்கத்துக் கொடி பிடித்தவர், ஸ்டிரைக்கில் பந்தலில் உட்கார்ந்து பேசினவர், மூடநம்பிக்கை என்ற வார்த்தையை மைக்கில் சொன்னவர். அப்படியானால் வெள்ளிக்கிழமை தோறும் பஸ் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தது யார்? டிரைவர் சொன்னான், வாங்கி வந்தேன். ஒருநாள் டிரைவர் மறந்துவிட்டுக் கிளப்பப் போனபோது விசிலை ஊதி நிறுத்தினது யார்? பயணிகள் பாதுகாப்பு. சரி, அப்படியே இருக்கட்டும், ஒரு கிளைதானே, மரம் நிற்கிறதே. பஸ்ஸில் ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்தால் பஸ் ஓடாதா? ஓடும். ஆனால் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்தவன் நனைவான். அந்த ஜன்னலோரம் யார் உட்கார்ந்திருந்தது, கோமதியா, தினகரா? கிளை வடக்கே பார்த்து நீண்டிருந்தது. மதுரை வடக்கே இருக்கிறது. ஐயோ, அதை ஏன் இப்போது கண்டுபிடிக்க வேண்டும். கை வேகமாகச் சுழன்றுவிட்டது, மெதுவாக, மெதுவாக, அவசரப்பட்டால் பசையில் குமிழி விழும். கிருஷ்ணாபுரம் தாண்டி, செய்துங்கநல்லூரில் ஆள் இறக்கி ஏற்றி, இந்நேரம் கருங்குளத்தில் அந்த வேகத்தடைமேல் பஸ் ஏறி இறங்கியிருக்கும். அந்த இடத்தில் கம்பியைப் பிடிக்காதவர்கள் எல்லாரும் மடியில் வந்து விழுவார்கள். கோமதி கம்பியைப் பிடித்திருப்பாளா. அவள் கண்டக்டர் பெண், பிடித்திருப்பாள்.

ஜெயக்கனி பின்வாசலுக்குப் போனாள். காலையிலிருந்து எத்தனையாவது தரமோ போகிறாள். வேலை ஒன்றும் கிடையாது, துணி காயவில்லை, பாத்திரம் இல்லை. போய் அந்த மரத்தைப் பார்க்கிறாள், வருகிறாள். போகும்போது ஒரு முகம், வரும்போது அதைவிட ஒரு சுற்றுச் சிறுத்த முகம். கிளை வெட்டின இடத்தில் சேர்மத்துரை சாணியை வைத்துப் பூசி, அதன்மேல் காய்ந்த சருகை ஒட்டி, தூர நின்று பார்த்து, ஒன்றும் தெரியவில்லை என்று திருப்திப்பட்டிருந்தார். ஆனால் அவள் பார்க்கிற பார்வைக்கு, சாணி என்ன, சிமெண்டுச் சுவர் கட்டியிருந்தாலும் ஊடுருவியிருக்கும். கேட்டுத் தொலைத்தால் என்ன. கேட்டால் காற்றில் ஒடிந்தது என்று சொல்லத் தயாராக இருந்தார். அவள் கேட்கவே இல்லை. கேட்காத பெண்டாட்டியிடம் பொய் சொல்ல எங்கே வழி. டிக்கெட் எடுக்காதவன் கண்டக்டரைப் பார்க்கிற மாதிரி அவர் அவளைப் பார்த்தார், அதாவது அவளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார். மீனைப் பார்த்தார். மீன் அழகாகத்தான் வந்திருந்தது. முதுகுக்கு மெரூன், வயிற்றுக்கு வெள்ளி, செவுளுக்கு ஒரு ரோஸ் கோடு. எல்லாம் கோமதி விட்டுப்போன நகப்பூச்சு. பீரோவின் அடித்தட்டில் ஒரு டப்பா நிறையக் கிடந்தது, பாதி காய்ந்தும் காயாமலும். ரோஸ் எப்போது வாங்கினாள். காலேஜ் படிக்கும்போதா. இந்த நிறத்தை அவள் விரலில் பார்த்த ஞாபகம் வருகிறதா என்று தேடினார். வரவில்லை.

அது அவரைக் கொஞ்சம் உறுத்தியது. என்ன பிரச்சனையாக இருக்கும் என்று யோசிக்கவாவது ஒரு நூல்நுனி வேண்டுமே, அவள் சமீபத்தில் என்ன சொன்னாள், அதிலிருந்து பிடித்துப் போகலாம் என்று பார்த்தால், சாப்பிட்டேன்ப்பா என்பதைத் தவிர அவள் சொன்ன எதுவும் ஞாபகத்தில் இல்லை. அதற்கு முன்னால்? சாப்பிட்டேன்ப்பா. போன மாசம்? சாப்பிட்டேன்ப்பா, நீங்க மாத்திரை போட்டியளா. மாப்பிள்ளையைப் பற்றி என்ன வேண்டும், கேளுங்கள். எந்தக் கண்மாயில் எந்தக் கரையில் விரால் விடியற்காலம் மேலே வரும், போன மழைக்கு எத்தனை பெரிய விரால் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போனது, அவனுடைய மேனேஜர் எப்படி ஒரு முசுடு, எல்லாம் தெரியும். மகள் என்ன குழம்பு வைக்கிறாள் என்றுகூடத் தெரியாது. கல்யாணத்தன்று காரில் ஏறும்போது போயிட்டு வாரேன்ப்பா என்றாள். அப்போது இவர் என்ன செய்துகொண்டிருந்தார்? வேனில் ஆள் சரியாக ஏறியிருக்கிறதா என்று தலை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துத் திரும்பினபோது கார் போய்விட்டது. பழக்க தோஷம். அன்றைக்கு ராத்திரி பந்தலுக்குக் கீழே தனியாக உட்கார்ந்து அழுதார் என்பது வேறு, அதை யார் பார்த்தது. கோமதி பார்க்கவில்லை. இப்போது அவள் பெட்டியோடு வந்து இனிமே அங்க போக மாட்டேன்ப்பா என்று சொல்லிவிட்டால்? இருந்துவிட்டுப் போகட்டும், அவள் வீடு, ஒருவாய்ச் சோறு போட முடியாதா. ஆனால் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் இங்க ஒரு கிளை இருந்துச்சே என்று கேட்பாள். அப்போது இந்த மீன் எங்கோ ஒரு கண்மாயில், மாப்பிள்ளையாய் இருந்த ஒருவனின் தூண்டிலில் ஆடிக்கொண்டிருக்கும். சேர்மத்துரையை அடிவயிறு திரும்பவும் கூப்பிட்டது. ஒன்றுக்கா, பயமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, இரண்டும் ஒரே இடத்தில்தான் இருந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் பஸ் கொஞ்சம் நிற்கும். அங்கே வெள்ளரிப்பிஞ்சு விற்பவள் ஜன்னலைத் தட்டுவாள். அதோடு சரி, அதற்குமேல் பஸ் எங்கேயும் அதிகம் நிற்காது, ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, கடம்பாகுளம், குரும்பூர், நம்ம வீடு. சொல்லிவிட வேண்டியதுதான். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம். கனத்தை இறக்கிவிடுவது. மகள் வருவதற்கு முன்னால் பெண்டாட்டியிடம் சொல்லி, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, முகத்தைத் துடைத்துவிட்டு உட்கார்வது.

ஜெயக்கனி திரும்பவும் பின்வாசலுக்குப் போக வந்தாள்.

"கனி."

"என்ன?"

"அந்தக் கிளைய நான்தான் வெட்டுனேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"சாணிய அப்பி வச்சிருக்கிய. நம்ம வீட்டுல மாடா கெட்டிருக்கு? காத்து வந்து கிளைய ஒடிச்சுப் போட்டுட்டு, சாணியும் பூசிட்டுப் போச்சாக்கும்."

அவர் சுழற்றிக்கொண்டே இருந்தார். ஏச்சு வரும் என்று தோளைக் குறுக்கிக் காத்திருந்தார். வரவில்லை. "தெரிஞ்சும் ஏன் ஏசல?" என்று அவரே கேட்டார்.

"ஏசுத நெலமையிலயா நான் இருக்கேன்." ஜெயக்கனி வாசல்படியில் உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள். "அது அந்த மரமே இல்லங்க."

"எந்த மரம்?"

"கோமதி கல்யாணக் கம்பு. நட்ட மூணா நாளே போயிருச்சு. மறுவீட்டு விருந்துக்குச் சோறு பொங்குன ஆளுக கொதிகஞ்சிய அங்கன கொண்டுபோயிக் கொட்டிட்டானுவ. பட்டை வெந்து உரிஞ்சு போச்சு. நான் ஒருத்தர்ட்டயும் சொல்லல. விடியுததுக்குள்ள பேச்சிமுத்து ஆட்டுக்கொட்டில் வேலியில நின்ன கல்யாண முருங்கையில ஒரு கம்ப ஒடிச்சிட்டு வந்து அதே குழியில வச்சிட்டேன். அதுதான் இது."

சேர்மத்துரையின் கை நின்றுவிட்டது. பசை மெல்ல இறங்கி மீனின் வயிற்றில் திரண்டு, ஒரு முத்தாய்த் தொங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. ஆட்டுக்கொட்டில் வேலி. இத்தனை நாளும் மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொண்டு அங்கே நின்றது ஆட்டுக்கொட்டில் வேலி. அப்படியானால் இவர் வெட்டினது மகளின் வாழ்வை இல்லை, பேச்சிமுத்துவின் வேலியை. கொலைக் கேசில் உள்ளே போனவனிடம், செத்தவன் நீ நினைத்த ஆள் இல்லை, அவன் ஏற்கனவே செத்துப் பல நாளாயிற்று, போ என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று அவளைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"போன் அடிக்கும்போதெல்லாம் எனக்கு இங்கன பக்குனு இருக்கும். கோமதி வாயில இருந்து என்ன வருமோன்னு. வெள்ளிக்கெழமை தண்ணி ஊத்தும்போது இந்தக் கம்புகிட்ட சொல்லுவேன், நீ யாரு பெத்த பிள்ளையோ, எம்பிள்ளைக்காக நீயாவது நல்லாரும்மான்னு. அதுவும் நல்லாத்தான் வளந்துச்சு. இப்ப அவ தனியா வாரா. நாந்தான் ஏமாத்திட்டேன்."

சேர்மத்துரைக்கு அவள்மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது. ஒரே வீட்டில், ஒரே மரத்துக்கு, ஆளுக்கொரு பக்கமாக நின்று பயந்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கே இவருக்கு உயிர் போய் உயிர் வந்துவிட்டது, இவள் வருஷக்கணக்காகத் தனியாகச் சுமந்திருக்கிறாள். எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்காரலாம், ஆனால் கையில் மீன். ஆகவே உட்கார்ந்த இடத்திலிருந்தே, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கிளை எந்தத் திசையில் நீண்டிருந்தது என்று வேர்த்துக்கொண்டிருந்த அதே ஆள், தொண்டையைச் செருமிக்கொண்டு, சங்கத்துப் பந்தலில் பேசின அதே குரலில் ஆரம்பித்தார்.

"ஏட்டி, படிச்ச பிள்ளையப் பெத்தவ நீ. கம்புக்கும் கல்யாணத்துக்கும் என்னட்டி சம்பந்தம்? மரம்னா தண்ணி ஊத்துனா வளரும், கொதிகஞ்சி ஊத்துனா சாவும். மனுசங்க சண்டைக்குக் காரணம் மனுசங்கதான். போயி முகத்தக் கழுவு. அவ வந்ததும் ஒக்கார வச்சு, என்ன காரணம்னு நிதானமாக் கேப்போம். காரணம்னு ஒண்ணு இருக்கும்லா."

சொல்லி முடித்தபோது அவருக்கே தான் சொன்னது மிகவும் பிடித்திருந்தது. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பஸ் அதற்குள் வந்துவிட்டது, பேச்சில் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பிறகு கணக்கைத் தவறவிட்டிருந்தார்.

கோமதி ஒரே ஒரு பையோடு உள்ளே வந்தாள். பெட்டி இல்லை, அதை அவரும் பார்த்தார், ஜெயக்கனியும் பார்த்தாள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெயிலில் கறுத்து, கொஞ்சம் மெலிந்து இருந்தாள். அம்மா நீட்டின செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். குடித்து முடித்து, அப்பாவின் கையைப் பார்த்தாள். கை பழையபடி சுழன்றுகொண்டிருந்தது.

"மாப்பிள்ளையோட சண்டையாம்மா?" என்று ஜெயக்கனி கேட்டாள். முகம் கழுவியும் மூக்கு சிவந்திருந்தது.

"சண்டை போட ஆளு வீட்டுல இருக்கணும்லாம்மா." கோமதி தரையிலேயே உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். "லீவு நாளு ஆனா விடியுததுக்கு முன்னாலயே கண்மாய்க்குப் போயிருதாரு. இருட்டுனா வாராரு. மத்த நாளு ஆபீஸ் விட்டு வந்தா, ராத்திரி அப்பாகூடப் போன். போன வாரம் ஒண்ணு அனுப்புனாவள்லா, அது வந்த நாள்ல இருந்து அது தலைமாட்டுல இருக்கு. அவரு பக்கம் திரும்பிப் படுத்தா குத்துது."

"தூண்டில் முள்ளு மாட்டாமத்தான அனுப்புனேன்," என்றார் சேர்மத்துரை.

"அவரு மாட்டிட்டாரு."

ஜெயக்கனி கணவனை மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். காரணம்னு ஒண்ணு இருக்கும்லா என்று சொன்னவரை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படிப் பார்த்தாள். அவருக்கு அடிவயிற்று அவசரம்கூட மறந்துபோனது. தெய்வக் குத்தமாக இருந்திருந்தால் ஒரு தேங்காயை உடைத்துச் சரிக்கட்டியிருக்கலாம். மரத்தின் குற்றமாக இருந்திருந்தால் வேறு கம்பு நட்டிருக்கலாம், ஜெயக்கனிக்கு அதில் அனுபவமும் இருக்கிறது. இது நேராக வந்து இவர் மடியில் உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொன்றாக இழைத்து, தேய்த்து, ஈயம் வைத்து, மகளின் நகப்பூச்சையே எடுத்துப் பூசி, பார்சல் கட்டி, மகளின் வீட்டுக்கு அனுப்பிவைத்தது இவர்தான். விரால் மட்டும்தான் கவ்வும் என்று நினைத்திருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிடுத பேச்சு இருக்கே," என்றாள் கோமதி. அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "தலை தூக்குதா, இடுப்பு ஆடுதான்னு. அவரு அப்படிச் சிரிச்சுப் பேசி நான் பாத்ததே இல்ல. அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். நீங்களும் அப்படிச் சிரிப்பியன்னு எனக்கு இப்பத்தாம்ப்பா தெரியும். எல்லாம் முடிஞ்ச பொறவு போன எங்கிட்டத் தருவாரு. சாப்பிட்டியாம்மான்னு கேப்பிய. சாப்பிட்டேன்ப்பாம்பேன். வச்சிருவிய. எனக்கென்னமோ உங்க ரெண்டு பேருக்குத்தான் கல்யாணம் ஆன மாதிரி இருக்கு. நான் கூடத் துணைக்கு வந்தவ மாதிரி. அதான் ரெண்டு நாளு இங்க இருந்துட்டுப் போவோம்னு வந்தேன். இங்க வந்தா இங்கயும் அதத்தான் உருட்டிக்கிட்டு இருக்கிய."

அவர் ஏதாவது சொல்ல வேண்டும். சாப்பிட்டியாம்மா என்பதுதான் வாயில் வந்தது. அதை விழுங்கினார். வேறு ஒன்றைத் தேடினார், இந்த ரோஸ் எப்பம்மா வாங்குன என்று கேட்கலாமா, கேட்டால் கோபித்துக்கொள்வாளா. அந்த யோசனையில் இருக்கும்போதே ஜன்னல்கட்டையில் இருந்த அவருடைய போன் அடித்தது. வழக்கத்தைவிட முன்னாலேயே அடித்தது. திரையில் மாப்பிள்ளை என்று வந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். பெண்டாட்டி ஊருக்குப் போன அன்றைக்கு, பெண்டாட்டியின் போனை விட்டுவிட்டு, மாமனாரின் போனுக்கு. சேர்மத்துரையின் இரண்டு கையிலும் மீன் இருந்தது. இல்லாவிட்டாலும் அவர் எடுத்திருக்க மாட்டார், அந்த அளவுக்காவது அவருக்குப் புத்தி வந்திருந்தது. கோமதி எழுந்து போய் எடுத்தாள். மாமா, அது என்ன மரம் மாமா, இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா என்று தினகரின் குரல் உற்சாகமாக வெளியே கேட்டது.

"அப்பா இல்ல," என்றாள் கோமதி, அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே. "நான் இருக்கேன். எங்கிட்டப் பேசுங்க."

அவள் போனை வைக்கவில்லை, அவன் பேசுகிறவரைக்கும் விடுவதில்லை என்பதுபோல் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேர்மத்துரை, வீட்டில் இல்லாத ஒரு மனுஷனுக்கு உரிய அடக்கத்தோடு, இருமல்கூட வராமல் பார்த்துக்கொண்டு, நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.